அஸ்திவார வேலைக்கு ஆள் பிடிக்கும் முன்

வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பி, கல் இணைப்புகளை ஒட்டியே படிப்படியாக ஏறுகிறது என்றால், காண்ட்ராக்டரைத் தேடும் முன் தண்ணீரைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம்களைப் பார்க்கும் வேலையிலேயே என் உத்தியோகக் காலம் போனது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ரிசர்வாயர் ஹில்ஸ் என்று என் மேசைக்கு வந்த கோப்புகளில் அஸ்திவாரம் இறங்கிய வீடுகளுக்குக் குறைவே இல்லை. எஞ்சினியர் அறிக்கையைப் பிரித்தால் முக்கால்வாசி ஒரே கதைதான்: எங்கோ ஒரு குழாய் கசிந்திருக்கும், அல்லது கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் விழுந்துகொண்டிருக்கும், அல்லது மேல்வீட்டு மழைநீர் நம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அதை அடைக்காமல் கடன் வாங்கிக் கான்கிரீட் போட்டவர்கள் அதே சுவரில் அதே விரிசலோடு திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

டர்பனின் மேட்டுப்பகுதிகளில் பல இடங்களில் பெரியா செம்மணல் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதில் கலந்திருக்கும் கொஞ்சம் களிமண். தண்ணீர் இறங்கினால் அந்தப் பிடி தளர்ந்து, மேலே சுவரின் பாரமும் இருப்பதால் மண் சட்டென்று அமுங்கிவிடும். இன்னொன்று, நம்மில் பலரின் வீடுகள் சரிவில் இருக்கின்றன. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் நம் இந்திய ஆட்களைக் கொண்டுபோய் வைத்த சாட்ஸ்வொர்த் மலைகளில், மேல்பக்கத்தை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமன் செய்துதான் மனை எடுத்தார்கள். வீட்டின் பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய பக்கம் நனைந்தால் அது மட்டும் இறங்கும். இதனால்தான் ஜோஹானஸ்பர்க் பக்கத்துச் சொந்தக்காரர் சொல்லும் யோசனை இங்கே பொருந்தாது. லெனேஷியாவில் அடியில் இருப்பது தண்ணீரில் மெல்லக் கரையும் டோலமைட் பாறை, அங்கே பயம் வேறு, நிலமே குழி விழலாம். ஃப்ரீ ஸ்டேட்டின் கறுப்புக் களிமண் நனைந்தால் உப்பி வீட்டைத் தூக்கும். மண் மாறினால் வைத்தியமும் மாறும்.

தண்ணீரைத் தேடுவதற்குச் செலவே இல்லை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைப் போட்டோ எடுங்கள். டாய்லெட் தொட்டிகூட நிரம்பக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு இந்தப் பக்கம் எங்கோ கசிகிறது, அது நம் பொறுப்பு. கழிவுநீர்க் குழாயின் கசிவு மீட்டரில் தெரியாது. அதற்குப் பிளம்பரை அழைத்து, குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி மட்டம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கேமரா விடச் சொல்லுங்கள். பழைய மண்குழாய்களில் இணைப்புதான் முதலில் போகும். பிறகு மழை கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கூரை ஓரத்துத் தண்ணீர்க் கட்டர் எங்கே வழிகிறது, டவுன்பைப் எங்கே கொட்டுகிறது, மேல்வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அதே வாரத்தில் விரிசலையும் அளக்கத் தொடங்குங்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் பெயிண்ட் வேலை. 5 வரைக்கும் அடைத்துவிடலாம், ஆனால் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். 5 முதல் 15 என்றால் கதவு சிக்கும், எஞ்சினியர் கட்டாயம் பார்க்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். ஆனாலும் அகலத்தை விட முக்கியமானது அது வளர்கிறதா என்பது. பத்து வருடமாக 4 மில்லிமீட்டரில் நிற்கும் விரிசலைவிட, மூன்று மாதத்தில் 1-இலிருந்து 3 ஆனது எனக்கு அதிகக் கவலை தரும். விரிசல் மேலே போகப் போக அகலமாகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் வீட்டின் மூலை இறங்குகிறது.

2022 ஏப்ரல் மழைக்குப் பிறகு சாட்ஸ்வொர்த்தில் எங்கள் அம்மா வீட்டின் முன் அறை மூலை இறங்கியது. தெருவில் யாரோ சொல்லி ஒரு காண்ட்ராக்டர் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) வந்து இறங்கினார். அம்மா கொடுத்த டீ ஆறுவதற்குள், "ஆண்ட்டி, மூன்று பக்கமும் அண்டர்பின் பண்ணணும், இல்லைன்னா வீடு தாங்காது" என்று சொல்லி ஒரு தாளில் தொகையை எழுதி நீட்டினார். அண்டர்பின்னிங் என்றால் பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டிக் கான்கிரீட் போட்டு, அதை ஆழத்தில் நிறுத்துவது. ஒரு இடத்திலும் தோண்டவில்லை, ஒரு குழாயையும் பார்க்கவில்லை. பாதிப் பணம் முன்பணமாக வேண்டும் என்றார். அண்ணன் கொடுத்துவிடலாம் என்ற மனநிலையில் இருந்தான், அம்மா பயந்துபோயிருந்தார். எஞ்சினியர் வந்து பார்க்காமல் ஒரு சென்ட்கூடக் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். எஞ்சினியர் சுவரடியில் இரண்டு இடத்தில் குழி தோண்டச் சொன்னார், குழாயைச் சோதிக்கச் சொன்னார். முன் மூலைக்குப் பக்கத்திலேயே மழைநீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அண்டர்பின்னிங் தேவைப்பட்டது அந்த ஒரு மூலைக்கு மட்டும்தான்.

ஆகவே என் முதல் விதி: என்ன கோளாறு என்று சொல்பவரும் அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்தக் காண்ட்ராக்டர் நல்லவராகவே இருக்கலாம், அண்டர்பின்னிங் மட்டுமே செய்து பழகியவருக்கு எல்லா வீடும் அண்டர்பின்னிங் கேட்பதாகத்தான் தெரியும்.

எஞ்சினியரைப் பிடிப்பது கஷ்டமில்லை. எக்ஸா என்கிற தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 'புரொஃபஷனல் எஞ்சினியர்' அல்லது 'புரொஃபஷனல் எஞ்சினியரிங் டெக்னாலஜிஸ்ட்' என்று அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். அவர் ஸ்ட்ரக்சுரல் அல்லது மண் சார்ந்த வேலை செய்பவரா, தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். காண்ட்ராக்டரிடம் கமிஷன் வாங்குவதுண்டா என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கட்டணத்தை இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். பார்த்து அறிக்கை தருவதற்கு ஒரு தொகை, வரைபடம் போட்டு வேலை நடக்கும்போது வந்து பார்த்து முடிவில் சான்றிதழ் தருவதற்கு இன்னொரு தொகை. இரண்டாவதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணுக்குள் போய் மூடிவிடும் வேலை இது. மூடும் முன் பார்த்தவர் ஒருவர் இல்லையென்றால் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது.

அறிக்கையில் காரணம் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். எந்த மண், அஸ்திவாரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, இறக்கம் இன்னும் நடக்கிறதா அல்லது நின்றுவிட்டதா, முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் வர வேண்டும். "தண்ணீரைத் திருப்பிவிட்டு ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்" என்று ஒரு எஞ்சினியர் எழுதினால் அவரை விட்டுவிடாதீர்கள். மரம் இருந்தால் அதைப் பற்றியும் கேளுங்கள். அம்மா வீட்டு முற்றத்தில் வேம்பு இனத்து சிரிங்கா மரம் ஒன்று நிற்கிறது, மாரியம்மன் பூசைக்கு இலை பறிப்பது அதில்தான். காண்ட்ராக்டர் அதை உடனே வெட்டச் சொன்னார். எஞ்சினியரோ வேர் அஸ்திவாரம் வரை வரவில்லை என்று குழியைக் காட்டினார். களிமண் நிலத்தில் பெரிய மரத்தைத் திடீரென்று வெட்டினால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி மண் உப்பக்கூடும். வெட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் இருந்தால், வேலை தொடங்கும் முன் அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நிலம் இறங்குவதற்கான பாதுகாப்பு பல பாலிசிகளில் குறுகலாக இருக்கும். விரிவான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். களிமண் சுருங்குவது, உப்புவது, தவறான கட்டுமானம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் உடைந்த குழாயால் வந்த சேதம் வேறு பிரிவில் வரக்கூடும். அதனால் எஞ்சினியர் எழுதும் காரணம் பணத்தின் விஷயத்திலும் பெரிய பங்கு வகிக்கிறது. அவர்கள் ஆள் வந்து பார்க்கும் முன் எதையும் உடைத்து எடுக்காதீர்கள். ஆபத்தைத் தடுக்கும் தற்காலிக வேலை மட்டும் செய்யலாம், போட்டோ எடுத்துவிட்டு. மறுத்துவிட்டார்கள், காரணம் சரியாகப் படவில்லை என்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்க 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதி ஆம்பட் அமைப்பிடம் செலவில்லாமல் முறையிடலாம். மறுப்புக் கடிதம் வந்ததும் வீட்டில் உட்கார்ந்துவிடுபவர்கள் நம் ஆட்களில் அதிகம், அது எனக்கு மனசு கேட்காத விஷயம்.

இப்போது காண்ட்ராக்டர். எஞ்சினியரின் வரைபடத்தை மூன்று பேரிடம் கொடுத்து, மூவரும் அதே வேலைக்கு விலை சொல்லச் செய்யுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒருவர் அண்டர்பின்னிங், இன்னொருவர் ரெசின் ஊசி (மண்ணுக்குள் பிசின் செலுத்துவது), மூன்றாமவர் சிறு பைல் (ஆழத்துக்கு இறக்கும் மெல்லிய தூண்) என்று ஆளுக்கொன்று சொன்னால், நீங்கள் விலையை ஒப்பிடவில்லை, யூகத்தை ஒப்பிடுகிறீர்கள். வேறு முறை மலிவு என்று யாராவது சொன்னால், எஞ்சினியர் ஒப்புக்கொள்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.

கொட்டேஷனில் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எந்த வலிமைக் கான்கிரீட், மண்ணை அப்புறப்படுத்துவது, உடைத்த பேவிங்கை மறுபடி போடுவது, 15 சதவீத வாட் சேர்த்தா சேர்க்காமலா என்பதெல்லாம் இருக்க வேண்டும். இவற்றில் சண்டை வருவது ஆழத்தில்தான். கெட்டி மண் 1.2 மீட்டரில் கிடைக்கும் என்று எஞ்சினியர் நினைத்திருப்பார், தோண்டினால் 1.8-இல் கிடைக்கும். அந்த நேரத்தில் வீட்டடியில் குழி திறந்து கிடக்கும், அவர் சொல்லும் தொகையைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. எனவே அதிகப்படி ஆழத்துக்கு ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். எஞ்சினியர் வந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் அந்தக் கூடுதல் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைச் சோதிப்பதில் நம்மவர்கள் ஏமாறுவது தாள்களைப் பார்த்துத்தான். புது வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எச்.பி.ஆர்.சி.யின் சான்றிதழைக் காட்டுவார்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அந்த அமைப்பின் ஐந்து வருடக் கட்டமைப்பு உத்தரவாதம் அங்கே பதிவான புது வீடுகளுக்கானது. உங்கள் அறுபது வயது வீட்டுக்குச் செய்யும் அஸ்திவார வேலையை அது காப்பாற்றாது. (உங்கள் வீடு புதிது, குடிபுகுந்து ஐந்து வருடம் ஆகவில்லை என்றால் கதையே வேறு. காண்ட்ராக்டரை விடுங்கள், முதலில் கட்டியவரிடமும் என்.எச்.பி.ஆர்.சி.யிடமும் எழுத்தில் போங்கள்.) கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சி.ஐ.டி.பி.யின் கிரேடு என்பார்கள். அது அரசாங்க டெண்டருக்கான பதிவு, அனுபவமே இல்லாமல் கிரேடு 1 வாங்கலாம். நான் கேட்கும் தாள் வேறு: வேலையாட்கள் காயப்பட்டால் இழப்பீடு தரும் நிதிக்கு அவர் ஒழுங்காகக் கட்டுகிறார் என்பதற்கான 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்'. தேதி தாண்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுக் குழியில் இறங்குபவன் யார் வீட்டுப் பிள்ளையோ, அவனுக்கு ஒன்று ஆனால் அவன் குடும்பத்துக்கு ஒரு வழி இருக்க வேண்டும். உங்கள் தலையில் பொறுப்பு விழாமல் இருக்கவும் அது வேண்டும்.

பிறகு அவர் முன்பு செய்த ஒரு வீட்டைப் பாருங்கள். போன மாதம் முடித்தது வேண்டாம், இரண்டு மழைக்காலம் தாண்டிய வேலையைக் கேளுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். வேலை நடுவில் எத்தனை நாள் ஆள் வராமல் போனார்கள், சொன்னதற்கு மேல் எவ்வளவு கேட்டார்கள், விரிசல் திரும்ப வந்ததா, வந்தபோது போனை எடுத்தாரா என்று கேளுங்கள். தினமும் வேலையிடத்தில் நிற்கப்போகும் ஃபோர்மேன் யார் என்று கேட்டு, முடிந்தால் அவரையும் பார்த்துவிடுங்கள். கையெழுத்து போடும் முதலாளியை அப்புறம் நீங்கள் அதிகம் பார்க்கப்போவதில்லை.

இரட்டை வீடு என்றால் இன்னும் ஒரு வேலை உண்டு. நம் பகுதிகளில் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பாதியை மட்டும் ஆழத்தில் நிறுத்தினால், அடுத்த பாதி பழையபடி இறங்கிக்கொண்டே இருந்து நடுச்சுவர் கிழியலாம். எஞ்சினியர் இரண்டு பக்கத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிளிடம் முன்கூட்டியே பேசி, அவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களை அவரையும் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து, இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நாற்பது வருடப் பழக்கம் ஒரு விரிசலால் கெட்டுப்போனதை நான் கோப்புகளில் படித்திருக்கிறேன். முனிசிபாலிட்டி அனுமதி பற்றியும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். 1977-ஆம் ஆண்டுக் கட்டட ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கட்டமைப்பு வேலைக்கு வரைபட ஒப்புதல் தேவைப்படலாம், எஞ்சினியர் அதைக் கையாள்வார். "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று காண்ட்ராக்டர் சொன்னால் நம்பாதீர்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வங்கி கேட்கும்.

பணம் வேலைக்குப் பின்னால் போக வேண்டும். பாதி முன்பணம் யாருக்கும் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு சிறு பங்கு, பிறகு எஞ்சினியர் பார்த்து ஒப்புக்கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பங்கு, கடைசியில் ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் போகும் வரை நிறுத்தி வைப்பது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். இன்வாய்ஸ் மின்னஞ்சலில் வங்கிக் கணக்கு எண் மாறி வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து அவர் குரலில் கேட்காமல் அனுப்பாதீர்கள். நடுவில் புகுந்து மாற்றும் திருட்டு இங்கே நிறைய நடக்கிறது.

வேலை தொடங்கியதும் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், குழிகளின் வரிசை. அண்டர்பின்னிங்கில் சுவரடியை ஏறக்குறைய ஒரு மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கான்கிரீட் போடுவார்கள். போட்ட துண்டு இறுகிய பிறகு, அதற்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவே விட்ட இடைவெளியில் ஈரம் குறைந்த சிமெண்ட் கலவையை இறுக்கி இடிப்பார்கள். அதுவும் கெட்டியான பிறகுதான் பக்கத்துத் துண்டைத் தொட வேண்டும். சீக்கிரம் முடிக்கிறேன் என்று சுவர் நெடுக ஒரே நாளில் தோண்டினால், வீடு காற்றில் நிற்கிறது என்று பொருள். உடனே நிறுத்தச் சொல்லி எஞ்சினியரை அழையுங்கள். ஆள் இறங்கி வேலை செய்யும் குழிக்கு மண் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளின் பொது விதி. கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொரு குழியையும் டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் இறைத்து, இளகிய மண்ணை வழித்து எடுத்த பிறகே ஊற்ற வேண்டும். முடிந்தால் மழை குறைந்த மே முதல் ஆகஸ்ட் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை சரியில்லை என்றால் முதலில் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் சொல்லி, சரிசெய்ய ஒரு தேதி கொடுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு தரமான வேலையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது கொடுத்த பணத்தில் நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கலாம். சிறு தொகை என்றால் வக்கீல் இல்லாமலே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். அதன் வரம்பு 2019-இல் 20,000 ராண்டாக உயர்ந்தது. அஸ்திவார வேலை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், அதனால்தான் நிறுத்தி வைத்த பணம் உங்கள் கையில் இருப்பது அவ்வளவு முக்கியம்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினியரின் சான்றிதழ், வரைபடம், குழிப் போட்டோக்கள், குழாய்ச் சோதனை ரசீது ஆகியவற்றை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். 2022 பிப்ரவரி முதல், ஏஜென்ட் மூலம் வீட்டை விற்பவர் தெரிந்த குறைகளை ஒரு படிவத்தில் எழுதித் தர வேண்டும். இறங்கியதையும், யார் பார்த்து எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் அதில் தைரியமாக எழுதலாம். சுவர் விரிசலை அடைத்துப் பெயிண்ட் அடிப்பது கடைசி வேலை. அம்மா தீபாவளிக்கு முன் அடித்துவிட ஆசைப்பட்டார், எஞ்சினியர் ஒரு மழைக்காலம் போகட்டும் என்றார். அந்த மாதங்களில் பென்சில் கோட்டை மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். கோடு நகரவில்லை என்று எஞ்சினியரிடம் காட்டிய பிறகு நிறுத்திய பணத்தை விடுவித்துவிட்டு, பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.